ஒதுங்க ஓர் இடம்

குன்றக்குடி சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனேன். ஐம்பத்தொரு வயதில் முதல் நடை. கூட வந்தவர்கள் என் நாத்தனாரும் எங்கள் தெருப் பெண்கள் நால்வரும். 150 கிலோமீட்டருக்கு மேல், ஆறு நாள். வழியில் முன்பின் தெரியாதவர்கள் எப்படிக் கவனித்தார்கள் என்று எழுதச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள்.

சோற்றுக்குக் குறையே இல்லை. திருப்பத்தூர் போய்ச் சேருவதற்குள் மூன்று இடங்களில் இட்லி, சுக்குக் காபி, பானகம். சிங்கம்புணரியில் கயிறு திரிக்கும் குடும்பம் ஒன்று, கொட்டகையில் தேங்காய் நாரைப் பரப்பி அதன்மேல் சாக்கு விரித்து எங்களைப் படுக்க வைத்தது. தை மாதப் பனிக்கு அந்த வெதுவெதுப்பு அமிர்தம். எந்த ஊர் என்று மட்டும் கேட்டார்கள். என்ன சாதி என்று கேட்கவில்லை. நகரத்தார் காவடிகள் தலைமுறை தலைமுறையாக நடக்கும் பாதை இது. இன்று அதில் எல்லாரும் நடக்கிறார்கள்.

ஆனால் நத்தம் தாண்டி ஒரு நண்பகலில், மோர்ப்பந்தலில் ஓர் இளைஞர் டம்ளரை நீட்டியபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டேன். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "குடியுங்கள் அம்மா, வெயில் கடுமையாக இருக்கிறது" என்று அவர் கெஞ்சினார். அவரிடம் எப்படிச் சொல்வேன்? குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்குவதற்கு அங்கே ஒரு புதர்கூட இல்லை. சாலை முழுக்க ஆண்கள். தற்காலிகக் கழிப்பறை இருந்த இடத்தில் தண்ணீர் இல்லை. எங்கள் ஆறு பேரில் ஒருத்திகூட ஒரு நாளும் தாகம் தீரக் குடிக்கவில்லை. சாணார்பட்டி அருகே நாத்தனாருக்கு நீர்க்கடுப்பு வந்து, இரவில் குளிர்காய்ச்சலும் கண்டது. திண்டுக்கல்லில் ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஊர் திரும்பினாள். மூன்று வருடமாக வேண்டிக்கொண்டு வந்தவள். பஸ் படியில் நின்று அவள் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால்தான் முதல் நாள் விடியற்காலையில் திருப்பத்தூருக்கு முன்னால் பார்த்த ஒரு பெண்மணியைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சின்ன ஓட்டு வீடு. வாசலில் பந்தல் இல்லை, பதாகை இல்லை, அண்டாவும் இல்லை. கையில் டார்ச் விளக்கோடு நின்றவர், எங்களைக் கண்டதும் அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, "கொல்லைப்பக்கம் வாருங்கள் தாயி, கழிப்பறை இருக்கிறது, வெந்நீரும் வைத்திருக்கிறேன்" என்றார். உள்ளே பல்பு எரிந்தது, தாழ்ப்பாள் சரியாக விழுந்தது, வாளி நிறையத் தண்ணீர். ஒருவர் பின் ஒருவராகப் போய்வந்தோம். நன்றி சொல்ல வாயெடுத்தேன். பின்னால் இன்னும் எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த வாளிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். ஆறு நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய விருந்து அதுதான் என்பேன். ஊருக்கு முன்னால் ஆயிரம் பேருக்குச் சோறு போடலாம். முகம் தெரியாதவளுக்குத் தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட வேறு மனம் வேண்டும்.

அந்த மனம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. காசியிலும் இராமேசுவரத்திலும் விடுதி கட்டிய மண் இது. திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று ஊர்ப் பெயர்களே சத்திரமாக நிற்கின்றன. சத்திரம் என்றால் சோறு மட்டுமா? படுக்க, குளிக்க, காலைக் கழுவ எல்லாவற்றுக்கும்தானே.

இங்கே செட்டிநாட்டில் எத்தனை பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன! முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். வழிப்போக்கர் உட்கார்ந்து எழுந்த திண்ணைகளுக்கு இப்போது கம்பிக் கிராதி. சொந்தக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் மட்டும் வருகிறார்கள். களவு போய்விடும் என்று அஞ்சுவதை நான் குறை சொல்லவில்லை. முகப்பைத் திறக்கச் சொல்லவும் இல்லை. கிணற்றடியும் கழிப்பறையும் இருக்கும் கொல்லைப்புறத்தை மட்டும், பூசத்துக்கு முந்தைய அந்த ஒரு வாரம், பெண்களுக்குத் திறந்துவிடச் சொல்கிறேன். பத்தாவது இட்லிப் பந்தல் போட நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் தண்ணீர் லாரிக்குச் சொல்லலாம், துப்புரவு செய்பவருக்கு நல்ல கூலி கொடுக்கலாம். இந்த வேலையை ஊதியமில்லாமல் யார் தலையிலும் கட்டக் கூடாது.

திருப்பத்தூர் சாலையில் எங்கள் உறவுக்காரர் வீடு ஒன்று பூட்டியிருக்கிறது. சித்தப்பா மகனிடம் நேற்றுப் பேசினேன். "கொல்லைச் சாவியைத் தருகிறேன் அக்கா, மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்" என்றான். ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வருகிறார். இரண்டு பல்பு, நான்கு வாளி, உள்ளே உறுதியான தாழ்ப்பாள். அதே சாலையில் வீடு வைத்திருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று சொன்னால் போதும், நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.