‘எல்லாரும் ஒரே படிப்புத்தானே’ எண்டவருக்கு

ஆஸ்பத்திரியில டொக்டர் ஒருத்தரின்ர முகத்துக்கு நேர போனைப் பிடிச்சு ஆரோ எடுத்துப் போட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுதக்கூடாது எண்டுதான் மூண்டு நாளும் பேசாமல் இருந்தனான். நேற்று அதுக்குக் கீழ ஒருத்தர் “எல்லா டொக்டர்மாரும் ஒரே படிப்புத்தானே, புதுசென்ன பழசென்ன” எண்டு எழுத, அதுக்கு அவ்வளவு லைக். இனி இருக்கேலாது.

ஒரே படிப்புத்தான். ஆனா மாரடைப்பைப் படிப்பு மட்டும் பிடிக்காது. நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுகிற ஆளை ஆரும் கண்டுபிடிப்பினம். சலரோகக்காரருக்கும் வயசுபோன பொம்பிளையளுக்கும் நெஞ்சு நோகாமலே வரும். வயித்தெரிவு, சத்தி, மூச்சு வாங்கல், அவ்வளவுதான். முதல் எடுக்கிற ஈ.சி.ஜியில ஒண்டும் தெரியாமலும் இருக்கும். “திரும்ப எடுங்கோ” எண்டு சொல்லுறது கண்டு பழகின கண்.

என்ர அம்மா. 2019 மார்கழி, விடியப்புறம் மூண்டு மணி. “நெஞ்சுக்குழிக்குள்ள எரியுது” எண்டா. எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லமாட்டன். வேலைக்கு வந்து சில மாதமான டொக்டர்ப் பிள்ளை ஒண்டு, நித்திரையில்லாத முகம், வடிவா விசாரிச்சு, வயித்துக்கு மருந்து தந்து வாங்கில இருத்திச்சு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்தம். ஆரையோ பார்க்க வந்த வயசான டொக்டர் ஒருத்தர் எங்களைக் கடந்து போனவர், திரும்பி வந்து அம்மாவின்ர நெத்தியில புறங்கையை வைச்சார். அந்தக் குளிருக்குள்ள அம்மாவின்ர சட்டை வேர்வையில முதுகோட ஒட்டிக் கிடந்தது. “ஈ.சி.ஜி, இப்பவே.” இரத்தக்கட்டி கரைக்கிற ஊசி ஏறேக்க நாலரை தாண்டிட்டுது.

அம்மா இருக்கிறா. கிணத்தடிக்குப் போய்வர இரண்டு இடத்தில குந்தவேணும். செத்த இதயத் தசை திரும்பி வராது.

நெஞ்சு நோவெண்டு வந்தால் 10 நிமிஷத்துக்குள்ள ஈ.சி.ஜி. இதயத்தின்ர இரத்தக்குழாய் அடைப்பெண்டு தெரிஞ்சு, 2 மணித்தியாலத்துக்குள்ள அதை விரிக்கிற பலூன் வைக்க வழியில்லையெண்டால், 10 நிமிஷத்துக்குள்ள அந்தக் கட்டி கரைக்கிற ஊசி. இதய வைத்தியர்மாரின்ர கணக்கு இது. இந்தக் கணக்குக்குள்ள நிக்கிறதுக்குத்தான் அனுபவம் வேணும் எண்டுறன்.

“அப்ப இளம் டொக்டர்மாரைக் குறை சொல்லுறியோ?” இல்லை. அந்தப் பிள்ளை விடிய அம்மாவின்ர கட்டிலடியில வந்து நிண்டு அழுதது. நான் கேக்கிறது, ராத்திரியில அதுக்குப் பக்கத்தில ஏன் அனுபவமுள்ள ஒரு ஆள் இல்லை எண்டு. 2022இல இலங்கையில வந்த பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போன டொக்டர்மார் கொஞ்சமோ? மிஞ்சினவையின்ர முகத்துக்கு நேர போனைப் பிடிச்சால் அவையும் போவினம்.

“பழைய டொக்டர்மாரும் பிழை விடுவினம்.” விடுவினம். அதுக்காக அனுபவம் வேண்டாமோ?

“நீதான் பிந்திக் கொண்டுபோனாய்.” ஓம். ஒரு மணிக்கே எரிவெண்டா. இஞ்சித் தண்ணி குடுத்தனான். 1990 எண்ட நம்பருக்கு அடிச்சால் வாற அம்புலன்ஸ் 2018இலேயே வடக்குக்கு வந்திட்டுது, நான் ஓட்டோக்காரரை எழுப்ப ஓடினனான். அந்த இரண்டு மணித்தியாலம் என்ர கணக்கு. ஒவ்வொரு நாளும் அம்மா கிணத்தடிக்கு நடக்கேக்க அதைப் பார்க்கிறன், நீங்கள் சொல்லத் தேவையில்லை.

அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பாருங்கோ. கதவடியில இருக்கிற அந்த அம்மா, சீலைத் தலைப்பால கழுத்தைத் துடைச்சுக்கொண்டே இருக்கிறா. போன் வைச்சிருந்தவர் டொக்டரின்ர முகத்தைத்தான் கிட்ட எடுத்தவர்.