பதினான்காம் தேதி அடுப்படியில் யார்?

பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் இந்த அறிவுரை சுற்ற ஆரம்பித்துவிடும்: காதலர் தினத்துக்கு ஹோட்டலில் காசைக் கரைக்காதீர்கள், வீட்டிலேயே அன்போடு சமைத்துக் கொடுத்து அசத்துங்கள். கூடவே இதய வடிவில் வெட்டிய சப்பாத்தி, பீட்ரூட் சாறு கலந்த சிவப்பு இட்லி, தர்பூசணியில் செதுக்கிய ரோஜா என்று படங்கள் வேறு. எனக்கு இதில் பாதி சம்மதம். காசைக் கரைக்க வேண்டாம் என்பது சரி. சமைத்துக் கொடுத்து அசத்தப்போவது யார்?

யாரென்று படிக்கிற எல்லாருக்கும் தெரியும். வருடம் முழுக்க மூன்று வேளையும் அடுப்பில் நிற்பவளைப் பிடித்து, "இன்று கொஞ்சம் விசேஷமாகச் செய்" என்பதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க நான் தயாராக இல்லை. ஹோட்டல் பில்லை அவள் கணக்கில் எழுதிவிட்டு, மிச்சம் பிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்படுவது அது. மத்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் 299 நிமிடம். ஆண்களுக்கு 97. இந்த 97 கூட எல்லா ஆண்களுக்குமான சராசரி இல்லை, வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களுக்கு மட்டும். நூறு ஆண்களில் சுமார் 26 பேர்தான் அந்தக் கணக்குக்குள்ளேயே வருகிறார்கள். மீதிப்பேர் 'வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேனே' என்ற ரகம்.

ஆகவே என் கட்சி இதுதான்: காதலர் தினத்துக்கு வீட்டுச் சாப்பாட்டை விஞ்ச எதுவும் இல்லை. ஆனால் தினமும் சமைப்பவர் அன்றைக்குச் சமைக்கக் கூடாது. அவர் பெண்ணோ ஆணோ, விதி ஒன்றுதான்.

ஹோட்டலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அன்றைக்கு மட்டும் பல இடங்களில் வழக்கமான மெனு கார்டை உள்ளே வைத்துவிட்டு, ஜோடிக்கு இவ்வளவு என்று ஒரே விலை கட்டிவிடுகிறார்கள். நாங்களும் ஒரு வருடம் போய் உட்கார்ந்தோம். சிவப்பு பலூன், மெழுகுவர்த்தி, ஆறிப்போன சூப். பக்கத்து மேஜை ஜோடியின் சண்டை வரி விடாமல் எங்கள் காதில் விழுந்தது, அது ஒன்றுதான் சூடாக இருந்தது. முடிவில் பில்லில் சேவைக் கட்டணம் தனியாக. இந்தக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் எதிரே காதலியை உட்காரவைத்துக்கொண்டு எந்த ஆண்பிள்ளை நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு வாதாடுவான்? அந்தக் கூச்சத்தை நம்பித்தான் அந்த வரியே பில்லில் இருக்கிறது.

வீட்டில் செய்வதென்றால் எல்லாவற்றையும் வீட்டில் செய்தாக வேண்டும் என்ற வைராக்கியமும் வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைப்பதும், செய்தால் கை நோவதும் எதுவோ அதை வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் விலை எகிறுவதும், வீட்டில் சுலபமாக வருவதும் எதுவோ அதைச் செய்யுங்கள். மதுரையில் இருந்துகொண்டு வீட்டில் பரோட்டா வீசுகிறவரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். தெருமுனைக் கடையில் கல்லிலிருந்து நேராக இலையில் சுருட்டித் தருகிறார்கள், நாலு வாங்கினால் முடிந்தது. ஆனால் அதே கடையில் கோழி மிளகு வறுவல் ஒரு தட்டு வாங்கும் காசுக்கு, அரைக் கிலோ கோழியே வாங்கிவிடலாம். சூப், எலுமிச்சை புதினா சோடா, கடைசியில் வரும் இனிப்பு, இவை மூன்றிலும்தான் பெரிய ஹோட்டல்காரர்கள் கல்லாவை நிரப்புகிறார்கள். ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கொத்து புதினா, ஒரு பாட்டில் சோடா என்ன விலை என்பது காய்கறிப் பையைத் தூக்கியவர்களுக்குத் தெரியும்.

மிளகு வறுவல் சமையலே தெரியாத ஆணுக்கும் வரும். சின்ன வெங்காயம் கால் கிலோ உரிப்பதுதான் அதில் பெரிய வேலை. உரிக்கிறவர் கண்ணீர் விடட்டும், ஒரு நாள்தானே. நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், உப்பு, பிறகு கோழி. தண்ணீர் ஊற்றவே வேண்டாம். மூடி போட்டு, சிறு தீயில் கறி தன் நீரிலேயே வேகட்டும். மிளகை முன்கூட்டிப் போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். வெந்து, நீர் வற்றி, சட்டியில் எண்ணெய் பிரியும்போது கொரகொரப்பாகப் பொடித்துத் தூவிப் புரட்டி இறக்க வேண்டும். சைவக்காரர்களுக்கு இதே மசாலாவில் ஒரு பாக்கெட் காளான். அது இன்னும் சீக்கிரம் வெந்துவிடும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. உப்பு எங்கே, கடுகு எந்த டப்பாவில், தீ இவ்வளவு போதுமா என்று சமைக்க வந்தவர் உங்களைக் கேட்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தால், சமைத்தது அவர் இல்லை, நீங்கள்தான். அவர் கையை மட்டும் இரவல் கொடுத்திருக்கிறார். என் கணவர் முதல் நாளே அடுப்படியின் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்த்துவைத்துக்கொள்வார். அஞ்சறைப் பெட்டியின் முன் வெகு நேரம் நிற்பார். அடுத்தது, சமைத்தவரேதான் பாத்திரம் கழுவ வேண்டும். இரண்டு பேர் சாப்பாட்டுக்குத் தொட்டி நிறையப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு, "எப்படி இருந்தது?" என்று கேட்கிறவருக்கு மார்க் போடுவதற்கு முன்னால் தொட்டியை ஒரு தரம் எட்டிப் பாருங்கள்.

ஜப்பானில் அன்றைக்குப் பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பார்கள். பலர் வீட்டிலேயே உருக்கி வார்த்துச் செய்வதும் உண்டு. ஆனால் சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 14ஐ வெள்ளை நாள் என்று வைத்து, ஆண்கள் பதில் மரியாதை செய்வது அங்கே வழக்கம். நம் வீடுகளில் அந்த மார்ச் 14 வருவதே இல்லை.

இனிப்புக்கு வருகிறேன். சிவப்பு நிறம் வேண்டும் என்பவர்கள் சாயப் பொடி வாங்கிக் கேக்கில் கொட்ட வேண்டாம், பீட்ரூட் அல்வா இருக்கிறது. அரைக் கிலோ பீட்ரூட், அரை லிட்டர் பால், 150 கிராம் சர்க்கரை, நாலு கரண்டி நெய், ஏலக்காய். தோல் சீவித் துருவுகிறவர் கை மறுநாள் வரைக்கும் சிவந்திருக்கும், அது நல்ல சாட்சி. அடிகனமான வாணலியில் பாதி நெய்யை விட்டுத் துருவலை முதலில் நன்றாக வதக்க வேண்டும். பீட்ரூட்டுக்கே உரிய மண் வாசனை இந்தக் கட்டத்தில்தான் அடங்கும், அவசரப்பட்டுப் பாலை ஊற்றினால் அல்வா முழுக்க அந்த வாசனை நிற்கும். பிறகு பால். தீயைக் கூட்டாமல் சுண்டவிட வேண்டும். பால் முழுவதும் வற்றிய பிறகே சர்க்கரை. போட்டதும் இறுகி வந்தது மறுபடி இளகிக் குழம்பு மாதிரி ஆகும், கெட்டுப்போயிற்றோ என்று பயப்பட வேண்டாம். கிளறக் கிளற மறுபடி இறுகி, மீதி நெய்யையும் விட்டபின் ஓரம் ஒட்டாமல் சுருண்டு வரும். முந்திரி விலைக்கு வெள்ளரி விதை போதும், கடிபடும்போது நன்றாகவே இருக்கும். மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குச் சற்று முன்பின். இரண்டு பேருக்குச் செய்தது அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் வரும்.

அத்தை, பிள்ளைகள் என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டிலேயே தனிமையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிடுங்கள் என்று எழுதுகிறவர்கள் எந்த வீட்டில் குடியிருக்கிறார்களோ! ஒரு படுக்கையறை வீட்டில், ஹாலில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது, வீட்டுப்பாடம் எழுதும் மகன் "ஏன்ப்பா விளக்கை அணைத்தீர்கள்?" என்று கேட்கும்போது, எந்தக் காதல் நிற்கும்? எங்களுக்குக் கைகொடுப்பது மொட்டை மாடிதான். பிப்ரவரி இரவில் மதுரை மாடி சொர்க்கம். பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் முதலில் பரிமாறிவிட்டு, டிபன் கேரியரையும் பாயையும் தூக்கிக்கொண்டு ஏறினால் ஒரு மணி நேரம் நம்முடையது. மெழுகுவர்த்தி காற்றில் நிற்காது, கண்ணாடிச் சிம்னி விளக்கு நிற்கும். கொசுவுக்கு வேப்பிலைப் புகை. அது காதலுக்கு ஏற்ற வாசனை இல்லைதான், கொசுக்கடிக்கு அது தேவலை. பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து சுருங்கி விலை ஆகாயத்தில் இருக்கும், ஓசூர் ரோஜாவோ அந்த வாரம் விமானம் ஏறி வெளிநாட்டுக் காதலர்களிடம் போய்விடும். மிஞ்சியதற்கு இங்கே அடிதடி. ஒரு முழம் சம்பங்கி வாங்கிக்கொண்டால் மாடி முழுக்க மணக்கும்.

கல்யாணமானவர்களுக்காவது மாடி இருக்கிறது. காதலிக்கிறவர்களுக்கு எந்த வீடு? இந்த ஊரில் காதலியை வீட்டுக்குக் கூட்டிவந்து சமைத்துப் போட முடிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதலில் சாதி கேட்பார்கள், பிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். பூங்காவில் உட்கார்ந்தாலும் நிம்மதி இல்லை. தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு சில அமைப்பினர் பூங்காக்களுக்குக் கிளம்பிய வருடங்கள் உண்டு. 2023இல் விலங்குகள் நல வாரியம் அன்றைக்குப் பசுவைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, ஊரே சிரித்த பிறகு அறிக்கையைத் திரும்பப் பெற்றது. இத்தனைக்கும் நடுவில் வண்டியூர் தெப்பக்குளப் படியில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை வருகிறது. அவர்களுக்கு நான் சொல்வது பொடி இட்லி. சின்ன இட்லிகளை ஆறவைத்து, நல்லெண்ணெயும் இட்லிப்பொடியும் சேர்த்துப் பிரட்டிவிட்டால் மாலை வரை கெடாது, பையில் சிந்தாது, பஸ்ஸில் மணந்து காட்டிக்கொடுக்காது. "யாருக்கடா இவ்வளவு இட்லி?" என்று அம்மா கேட்டால் அதற்குப் பதிலை நீங்களே தயாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கூடவே கோவில்பட்டிக் கடலை மிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், ஆனால் பரிசாகக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. அதைப் பாதி வரைக்கும் சாக்லேட்டில் முக்கி எடுத்துப் பாருங்கள். பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடையில் காம்பவுண்ட் சாக்லேட் கட்டி கிடைக்கும். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்த்தது, அதனால்தான் விலை குறைவு. அசல் சாக்லேட்டைப் பக்குவமாகச் சூடேற்றி ஆற்றாவிட்டால் வெளுத்துப்போகும், இது அந்தத் தொல்லை தராது. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரிந்து கட்டியாகிவிடும், ஆகையால் கரண்டியைத் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள். முக்கிய மிட்டாயைத் தட்டில் வைத்து ஃபிரிட்ஜில் சற்று நேரம் வைத்தால் இறுகிவிடும். வெல்லமும் கடலையும் கசப்புச் சாக்லேட்டும் சேரும்போது வரும் ருசிக்கு, தங்கத் தாள் சுற்றிய வெளிநாட்டு உருண்டைகள் பக்கத்தில் வர முடியாது என்பது என் தீர்ப்பு. மேல்முறையீடு செய்பவர்கள் செய்துபார்த்துவிட்டு வாருங்கள்.

குடிப்பதற்கு எங்கள் ஊர் ஜிகர்தண்டா. பாலைச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்து, நன்னாரி சர்பத்தும் ஊறிய பாதாம் பிசினும் போட்டு, மேலே கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் ஒரு கரண்டி. பாதாம் பிசின் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம், கோலிக்குண்டு அளவில் இரண்டு துண்டு போட்டாலே கிண்ணம் நிறைய உப்பிவிடும். நன்றாக ஊற ஓர் இரவு வேண்டும் என்பதால் 13ஆம் தேதி படுக்கப்போகும் முன்பே தண்ணீரில் போட்டுவிடுங்கள். போடுவது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.