நேசப்படை எடுத்தவன் களவெடுத்தவன் இல்லை

ஞாயிற்றுக்கிழமை மேசையில் நடந்தது குழுவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப முழுக்கச் சொல்லப்போவதில்லை. பொம்மைப் படைகளை வைத்து ஆடுகிற போர் விளையாட்டில், என் குள்ளர் படையோடு மனிதர் படையின் யானை ஒன்றை நேசப்படையாகச் சேர்த்து இறக்கியிருந்தேன். "குள்ளர் படைக்குள் ஆனை என்ன செய்யுது? காக்கை வன்னியன் வேலை" என்று, காட்டிக்கொடுத்தவனின் பெயரைச் சொல்லி ஒருவர் எழுதினார். களவு என்றும் பேச்சு வந்தது. கீழே சிரிப்பு இமோஜிகள் வரிசையாக வந்து விழுந்தன. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

சரி, முதலில் சட்டத்தைக் கதைப்போம். நாங்கள் விளையாடுவது கிங்ஸ் ஒஃப் வோர் என்கிற மேசை விளையாட்டு. எங்களிடம் இருக்கிற பதிப்பின்படி, 2000 புள்ளி விலையுள்ள படையில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 500 புள்ளி வரைக்கும், வேறொரு பட்டியலில் இருந்து நேசப்படை எடுக்கலாம். நல்லவர் பக்கமும் தீயவர் பக்கமும் ஒன்றுசேர முடியாது. நடுநிலைப் படைகள் யாரோடும் சேரலாம். என் குள்ளர்கள் நல்லவர் பக்கம், நான் சேர்த்த மனித இராச்சியம் நடுநிலை. இதில் என்ன பிழை? யானையை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுக்கவும் முடியாது. மனிதர் பட்டியலிலேயே ஒரு முழு றெஜிமென்ற் (படைப்பிரிவு) எடுத்தால்தான் யானை போன்ற போர்விலங்கு எடுக்க உரிமை வரும். ஈட்டிக்காரர் றெஜிமென்ற் ஒன்றை எடுத்திருந்தேன். பட்டியலை ஆட்டத்துக்கு முதலே குழுவில் போட்டும் இருந்தேன். அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. யானை மேசையில் ஏறிய பிறகுதான் எல்லாருக்கும் நியாயம் நினைவுக்கு வந்தது.

"சும்மா கிடைக்கிற பலம்" என்று இன்னொருவர். சும்மா ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது சுற்றில் நடந்ததைப் பக்கத்தில் நின்ற எல்லாரும் பார்த்தீர்கள். என் குள்ள அரசன் யானைக்கு 6 அங்குலத்துக்குள் நின்றான். யானை சேதம் வாங்கியது, எதிராளி இரண்டு தாயக்கட்டையை உருட்டினார், சேதத்தோடு கூட்டினார், யானை முறிந்து ஓடியது. அந்த இடத்தில் ஒரு குள்ளர் படைப்பிரிவு நின்றிருந்தால் அரசன் தரும் ஊக்கத்தால் அவர் திரும்ப உருட்டியிருக்க வேண்டும். நேசப்படைக்கு அந்தச் சலுகை இல்லை. தன் அரசன் பக்கத்திலேயே நின்றும் உதவாத ஒரு படையைத்தான் நான் காசு கொடுத்து வாங்குவதுபோலப் புள்ளி கொடுத்து எடுத்தேன். நேசப்படைக்கான விலையைச் சட்டமே வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேல் நீங்கள் ஏன் என்னிடம் வட்டி கேட்கிறீர்கள்?

இது நேற்று முளைத்த வழக்கமும் இல்லை. இதே மாதிரியான பழைய விளையாட்டான வோர்ஹாமர் 1983இல் வந்தது. 1992இல் வந்த அதன் நான்காம் பதிப்புக் காலத்துப் படைப் புத்தகங்களிலேயே நேசப்படைக்கு நான்கில் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள். 2024இல் வந்த அதன் புதிய வடிவமான ஓல்ட் வேர்ல்டிலும் நேசப்படை உண்டு. எந்தப் படை எதை நம்பும், எதைச் சந்தேகத்தோடு பார்க்கும் என்றுகூட அதில் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்குக் கெடாத ஆட்டம் எங்கள் மேசையில் மட்டும் எப்படிக் கெடும்?

பலவீனத்தை அடைக்க மிகப் பலமான ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கிறார்கள்தான். போட்டி வைக்கும்போது நேசப்படை வேண்டாமென்று முதலே அறிவியுங்கள், நானும் கைதூக்குகிறேன். ஞாயிறு நடந்தது போட்டி இல்லை.

இனி யானையின் கதை. ஒட்டுசுட்டானில் இருக்கிற என் சித்தப்பா தச்சுவேலை செய்கிறவர். ஒரு வாசல்நிலைக்கு அறுத்த முதிரையில் மிஞ்சிய துண்டில் செதுக்கித் தந்தது அது. இந்த விளையாட்டில் அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. "எவ்வளவு உயரம் வேணும்?" என்று மட்டும் கேட்டார். யானையைப் படம் பார்த்துச் செதுக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவருடைய தென்னம்பிள்ளைகளைப் பிடுங்கிப் போட்டதும், வயலை உழக்கிவிட்டுப் போனதும் அதுதான். ஆனைவெடியோடு காவலிருந்த மனிசன், காது எப்படி விரியும், பின்கால் எப்படி மடியும் என்று கையாலேயே அறிந்து வைத்திருக்கிறார். முதிரை உளிக்கு லேசில் மசியாது. தும்பிக்கை ஒருமுறை உடைந்துபோய், திரும்ப வேறு துண்டில் தொடங்கினார். மேசையில் யானை ஓடிப்போனதில் எனக்குக் கவலையே இல்லை. அதைப் பார்த்துச் சிரித்ததுதான் தாங்கவில்லை.

குள்ளரோடு யானை பொருந்தாது, கதைக்கு ஒவ்வாது என்று சொல்லலாம். அதைச் சொல்கிறவர்கள் வன்னியில் இருந்துகொண்டு சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே ஆண்ட வன்னியர்களிடம் திறையாகக் கேட்டதே யானை. இந்த மண்ணில் யானையைக் கொண்டுதான் ஒரு தலைவன் இன்னொருவனோடு தன் உறவைக் காட்டினான். அப்புறம் அந்த வன்னியர்களில் ஒருவனான பண்டாரவன்னியன். 1803இல் வெள்ளைக்காரனிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையை அவன் பிடித்தபோது கண்டி இராச்சியத்தாரின் துணையும் அவனுக்கு இருந்தது. அதே வருடம் ஒக்டோபர் 31இல் தோற்கடிக்கப்பட்டான் என்று கற்சிலைமடுவில் கல் நட்டு வைத்தார்கள். சித்தப்பா வீட்டில் இருந்து அது தூரமில்லை. கண்டியாரைச் சேர்த்தபடியால் அது வன்னிப் படை இல்லை என்று இன்றைக்கு யாராவது சொல்வார்களா? காக்கை வன்னியன் என்று கதையில் வருகிறவன் சொந்த ஆளைக் காட்டிக்கொடுத்தவன். அந்தப் பெயரை என் படைக்கு வைத்தீர்களே அண்ணை, என் யானை யாரைக் காட்டிக்கொடுத்தது? கடைசி வரைக்கும் குள்ளர்களுடைய இடப்பக்கத்தைக் காத்து நின்றுதானே ஓடியது?

இதை விளையாட்டுப் பேச்சு, பகிடி என்பீர்கள். எங்கள் ஊரில் அந்தப் பெயர் பகிடி இல்லை. அது உங்களுக்கும் தெரியும்.

"இவ்வளவு பட்ட மண்ணில் சண்டை விளையாட்டா?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அவர் நேசப்படையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. என் அம்மாவும் முதல்நாள் அதையே கேட்டா. நான் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் திறந்து காட்டினேன். தாடி வைத்த குள்ளர்கள், கோடரி, பீப்பாய். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுகள் எங்கட இல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனா. அவ்வளவுதான். எங்கள் போரில் இருந்து எதையும் நாங்கள் அந்த மேசைக்குக் கொண்டுவருவதில்லை. ஒரு நாளும் கொண்டுவர மாட்டோம். நாட்டின் பெயரும் கிடையாது, துவக்கும் கிடையாது. மாலையானதும் பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்து, எதிராளியோடு தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். எங்களுக்கு இது தேவையா என்று எங்களையே தீர்மானிக்க விடுங்கள்.

நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. இந்த விளையாட்டுக்கு எங்கள் பக்கம் கடை கிடையாது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஒரு கடையிலும் இந்தப் பொம்மைகளை நான் கண்டதில்லை. என் குள்ளர்கள் ரொறன்ரோவில் இருக்கிற மச்சானின் சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவில் வந்தவர்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறிய பிறகு இணையத்தில் வாங்குகிற யோசனையையே விட்டுவிட்டோம். ஒருவரிடம் அரைப் படை இருக்கிறது, இன்னொருவரிடம் கால் படை. மிச்சத்தைக் காட்போட் மட்டையில் வெட்டி ஒட்டுகிறோம். கிங்ஸ் ஒஃப் வோரில் ஒவ்வொரு பொம்மையாக எடுக்கத் தேவையில்லை, றெஜிமென்றின் அடித்தட்டு அளவு சரியாக இருந்தால் காணும். அதனால்தான் இந்த ஆட்டமே எங்களுக்குச் சரிவந்தது. நேசப்படைச் சட்டத்தால்தான் அரைப் படைக்காரன் முழு ஆட்டம் ஆடுகிறான். அதைக் களவு என்று சொன்னால், முழுப் படை வாங்க வசதி இருக்கிறவன் மட்டும் மேசைக்கு வா என்று சொன்னதாகத்தான் அர்த்தம். அப்படிச் சொல்லவில்லை என்பீர்கள். கேட்டவனுக்கு அப்படித்தான் கேட்டது.

கேட்டவன் நான் மட்டும் இல்லை. புதுக்குடியிருப்பில் இருந்து பஸ் ஏறி வந்த தம்பியை யாராவது கவனித்தீர்களா? கொப்ளின் என்கிற குட்டிப் பூதங்களின் படை அவனுடையது, தீயவர் பக்கம். புள்ளி காணாமல் ஓகர் என்கிற அரக்கர் றெஜிமென்ற் ஒன்றை என்னிடம் இரவல் வாங்கி நேசப்படையாகச் சேர்த்திருந்தான். ஓகர் நடுநிலை, கொப்ளினோடு சேரலாம். பட்டியலைக் கொப்பித்தாளில் தன் கையாலேயே எழுதி, கூட்டிச் சரிபார்த்து வைத்திருந்தான். அடுத்த ஆட்டம் அவனுடையது. குழுவில் அந்த இமோஜிகள் விழுந்தபோது அவனும் ஃபோனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு ஓகர்களைத் துடைத்து என் பெட்டிக்குள் வைத்தான். தன் கொப்ளின்களை பிஸ்கட் பேணிக்குள் அடுக்கினான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணா" என்றான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் மறித்துக் கேட்டேன், நிற்கவில்லை. குழுவில் இருந்தும் அன்றிரவே விலகிவிட்டான்.

என்னைச் சொன்னதற்கு எனக்கு ஒரு விளக்கமும் வேண்டாம். யானையும் வரும், ஈட்டிக்காரரும் வருவார்கள், பட்டியலையும் வழமைபோல முதலே போடுவேன். சட்டத்தில் பிழை இருந்தால் வரியைக் காட்டுங்கள், அன்றைக்கே எடுத்துவிடுகிறேன். ஆனால் அந்தத் தம்பிக்கு நீங்கள் ஃபோன் எடுக்க வேண்டும். எழுதியவரும் எடுக்க வேண்டும், சிரித்தவர்களும் எடுக்க வேண்டும். நம்பர் என்னிடம் இருக்கிறது. உள்பெட்டியில் கேளுங்கள், அவனிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.