துரை பங்களாவும் தட்டி வீடும்

கோலார் தங்கவயல் என்றாலே முகநூலில் ஒரே மாதிரிப் படங்கள்தான். ஓட்டுக்கூரை, அகலமான வராந்தா, புகைபோக்கி, முன்னால் பெரிய தோட்டம். மேலே ‘குட்டி இங்கிலாந்து’ என்று ஒரு வரி. அப்புறம் இந்த வீட்டில் எந்த துரை இருந்தார் என்று கமெண்ட்டில் ஆராய்ச்சி நடக்கும். பங்களாக்கள் அழகுதான், அவற்றை இடியவிடக் கூடாது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ‘முதல் சொந்தக்காரர் யார்’ என்று கேட்டால், தங்கவயலில் கிடைக்கிற பதில் கொஞ்சம் விவகாரமானது.

அந்த துரைகளில் யாருக்கும் பங்களா சொந்தமில்லை. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்த பிறகு நிலம் மைசூர் சமஸ்தானத்துக் குத்தகை, கட்டடம் கம்பெனியுடையது. சூப்பரின்டெண்டென்ட் பதவி இருக்கும்வரை பங்களா, பதவி போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சுரங்கக் கதையில் சொந்த வீடு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் வீடுதான். நியூசிலாந்துப் போருக்குப் போய் வந்த அயர்லாந்துச் சிப்பாய். 1875இல் தங்கம் தோண்ட உரிமம் வாங்கினார், பணம் கட்டுப்படியாகாமல் உரிமையைக் கைமாற்றிவிட்டார். வீட்டுக்கு ‘உரிகம் ஹவுஸ்’ என்று தங்கவயல் பெயரைத்தான் வைத்தார். வீடு இருந்ததோ பெங்களூரில்! இன்றைய லாவெல் ரோடு அவர் பெயர்தான்.

சரி, தங்கம் தோண்டியவர்கள் எங்கே இருந்தார்கள்? வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து போன நம் சனங்கள், பெரும்பாலும் தலித்துகள், லைன்கள் என்கிற வரிசை வீடுகளில் இருந்தார்கள். மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம், ஒரே அறை. குழாயும் கக்கூஸும் பொது. ‘தட்டி வீடு’ என்றே அதற்குப் பெயர். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன் சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே படுத்து என்ன தூங்கியிருப்பான்? பூமிக்குள் பாறை வெடித்தால் வீட்டில் பாத்திரம் உருளும், பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஷாஃப்ட் எனும் சுரங்கக் குழியின் வாசலுக்கு ஓடுவார்கள் என்று எங்கள் பாட்டி சொல்லும். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902இலேயே தங்கவயலுக்கு கரண்ட் வந்துவிட்டது, பெங்களூருக்கே 1905இல்தான் என்று பெருமை பேசுகிறோம். அது இயந்திரங்களை ஓட்ட வந்த கரண்ட், தட்டி வீட்டில் விளக்கேற்ற வந்ததில்லை.

அந்த லைன்களில் வரலாறு இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். தலித் மக்களைப் பௌத்தத்துக்கு அழைத்த அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகைக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வாசகர்கள் இருந்தார்கள், பௌத்த சங்கம் இருந்தது. அவர் 1914இல் மறைந்தார். அந்தப் பத்திரிகை 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வெளிவந்தது தங்கவயலிலிருந்துதான். பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் காசு போட்டுப் பத்திரிகை வாங்கிப் படித்த ஊர் இது. இதற்கு ஒரு போட்டோவாவது யாராவது போட்டிருக்கிறீர்களா?

1956இல் கம்பெனி போய் மைசூர் அரசு வந்தது. 1962இல் மத்திய அரசு வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தையே மூடினார்கள். முதலாளி மாறிக்கொண்டே இருந்தார், லைனில் இருந்தவன் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவனாகவே இருந்தான். வீட்டுப் பத்திரம் கேட்டு மனு கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி அதே வீட்டில் வந்து படுக்கிறார்கள்.

தங்கவயலைப் பாரம்பரிய ஊராக அறிவிக்கச் சொல்லும் நண்பர்களிடம், லைன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். யோசித்தால் அதிலும் வில்லங்கம் இருக்கிறது. அந்த முத்திரை விழுந்துவிட்டால் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். ஒரே அறையில் இருக்கிறவர் பின்னால் ஒரு கக்கூஸ் கட்டவும் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டுமா? அதனால் முதலில் குடியிருப்பவர் பெயருக்குப் பத்திரம். அப்புறம் அவர்களைக் கேட்டுக்கொண்டு, காலியாகக் கிடக்கிற ஒரு வரிசையை மட்டும் பழையபடியே காப்பாற்றலாம். பங்களா வாசலில் பலகை வைப்பதானால் துரை பெயரோடு நிறுத்தாமல், அதே சுரங்கத்தின் லைன்கள் எவை, எந்தெந்த ஊர்க்காரர்கள் அங்கே இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள்.