ஐம்பது ரூபாய்

அந்தக் காணொளியை நான் மறுபடியும் இங்கே பகிரப் போவதில்லை. மூன்று நாள்களாக எல்லோருடைய பக்கங்களிலும் அதுதான் ஓடுகிறது. சுமை தாளாமல் முன்கால் மடிந்து விழுந்த மாட்டை எழுப்புவதற்கு அந்த வண்டிக்காரர் செய்ததை எழுத்தில் திரும்பச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. என்னை எழுத உட்கார வைத்தது நேற்று வந்த செய்தி. அபராதம் ஐம்பது ரூபாய் கட்டியாயிற்று. வண்டியும் மாடும் அவருடனே வீடு திரும்பிவிட்டன. அந்தச் செய்தியின் கீழே நெடுநாள் நண்பர் ஒருவர், "சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது, இனி இதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். எந்தச் சட்டம், எந்தக் கடமை என்று அவரிடம் கேட்கத்தான் இந்தப் பதிவு.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு. ஒரு விலங்கை அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிச் சுமையேற்றுவது, பட்டினி போடுவது, அசைய முடியாதபடி கட்டிவைப்பது எல்லாம் இந்த ஒரே பிரிவுக்குள் வருகின்றன. முதல்முறை குற்றத்துக்குக் குறைந்தது 10 ரூபாய், அதிகம் போனால் 50 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் ஐம்பது ரூபாய் என்பது ஒருவரை யோசிக்க வைத்த தொகையாக இருந்திருக்கலாம். தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டினால் இன்று 1,000 ரூபாய் அபராதம். அதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை. உயிரைக் காப்பதற்கான விதி என்கிறோம். மாட்டின் உயிருக்கு மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய விலை போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?

தொகை மட்டும் அன்று. அடிப்பதும் அதிகச் சுமை ஏற்றுவதும், நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை விசாரிக்கக்கூட முடியாத குற்றங்களாகவே இந்தச் சட்டத்தில் இருக்கின்றன. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தினமும் நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு சவாரிக் குதிரை நிற்கும். சேணத்துக்கு அடியில் உள்ளங்கை அளவுக்குப் புண், ஈ மொய்க்கும், அதன்மேலேயே பிள்ளைகளை ஏற்றி ஓட்டுவார்கள். படங்களோடு காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரியைக் குறை சொல்லமாட்டேன், பொறுமையாகக் கேட்டார். ரசீது கொடுத்தார். நடுவரின் உத்தரவு வந்தால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும் என்றார். நான் விடுப்பு எடுத்து அலைந்தேன். கடைசியில் ஒரு வழக்கறிஞர்தான் 36-ஆம் பிரிவைக் காட்டினார்: குற்றம் நடந்து மூன்று மாதங்கள் கடந்துவிட்டால் இந்தச் சட்டத்தின்கீழ் வழக்கே தொடுக்க முடியாது. நான் படம் எடுத்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தபோது ஒரு வாரம் தாண்டியிருந்தது. குதிரையும் அந்த இடத்தில் இல்லை.

"பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்தாண்டுச் சிறை இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த அந்தப் புதிய சட்டத்தின் 325-ஆம் பிரிவு. விலங்கைக் கொன்றாலோ, நஞ்சு வைத்தாலோ, ஊனப்படுத்தினாலோ, பயனற்றதாக ஆக்கினாலோ அது பொருந்தும். உயிரும் காலும் மிஞ்சி, அடி வாங்கிக்கொண்டே மறுநாளும் வண்டியிழுக்கிற மாட்டுக்கு 1960-இன் ஐம்பது ரூபாய்தான்.

"அவர் ஏழை, நாளை அவருக்குச் சோறு யார் போடுவது" என்பதே அதிகம் பேர் கேட்ட கேள்வி. இதை நான் எளிதாகத் தள்ளவில்லை, என் அப்பாவும் வண்டியோட்டிப் பிழைத்தவர்தான். நுகத்தடி உரசிக் கழுத்தில் புண் வந்தால், ஆறும்வரை அந்த மாட்டை அவர் பூட்டமாட்டார். அந்த நாள்களில் மூட்டை தூக்கப் போவார். வறுமைக்கும் கொடுமைக்கும் உள்ள தூரத்தை நான் எங்கள் வீட்டுத் தொழுவத்தில்தான் கற்றேன். ஆகவே ஊருக்கு வெளியே ஏசி அறையில் இருந்துகொண்டு பேசுகிறேன் என்று எழுதியவருக்கு நான் கோபமாகப் பதில் சொல்லவில்லை, வலித்தது என்று மட்டும் சொல்கிறேன். அபராதத்தை உயர்த்துவது என்றால் சுமையை ஏற்றச்சொன்ன முதலாளியையும் அதற்குள் கொண்டுவாருங்கள் என்றே கேட்கிறேன். 1965-இலேயே வண்டி மாடுகளுக்கு விதி இருக்கிறது: ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. அந்தக் காணொளியில் மாட்டின் நிழல் அதன் வயிற்றுக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கிறது. அது எந்த நேரம் என்று சொல்ல வேண்டுமா?

"மனிதர்களுக்கே நீதி இல்லை, மாட்டுக்கா" என்பவர்களுக்கும், "நீங்கள் கறி சாப்பிடுவீர்களா" என்பவர்களுக்கும் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். ஒருவருக்குக் கிடைக்காத நீதி இன்னொருவருக்கும் கிடைக்கக்கூடாது என்பது எனக்குப் புரியாத கணக்கு.

இது வெளியிலிருந்து வந்த கவலை என்றும் சொல்லாதீர்கள். மாநிலங்களவையில் 1953-இல் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர், சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவிய நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். ஏழு ஆண்டுகள் கழித்துச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவர் தொடங்கியதை நாம் அவர் விட்ட இடத்திலேயே போட்டு வைத்திருக்கிறோம். 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் தண்டனைகளைத் தகுந்தபடி திருத்துமாறு நாடாளுமன்றத்தை எதிர்நோக்கியது. அந்தத் தீர்ப்பு பிடிக்காதவர்கள் உண்டு, அதன் பிறகு நடந்ததும் நமக்குத் தெரியும்; ஆனால் தண்டனை போதாது என்ற அந்தப் பகுதியோடு சண்டை போட்ட ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கொடூர வதைக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அதில் இருந்தது. நானும் நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். வரைவு வரைவாகவே கிடக்கிறது.

அந்த நண்பருக்கு மறுபடியும் சொல்கிறேன். அந்த வண்டிக்காரரைச் சிறையில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டியபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த முறை அவர் கையை நிறுத்துவதற்கு அந்த நோட்டில் எதுவும் இல்லை.

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இன்று கடிதம் எழுதி முடித்துவிட்டேன். 11-ஆம் பிரிவின் தொகை, காவல்துறை நேரடியாக விசாரிக்கும் அதிகாரம், மூன்று மாதக் கெடு ஆகிய மூன்றை மட்டும் கேட்டிருக்கிறேன். அந்தக் குதிரைக்காக வாங்கிய ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் நகலையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.