வாசல்வரை என்றால் எந்த வாசல் ஐயா?

ஷா ஆலமிலிருந்து பேராக்கில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குக் காரில் மூன்று மணி நேரம் பிடிக்கும். என்னுடைய சரக்கு அந்தத் தூரத்தைக் கடக்கப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டது. அதிலும் கடைசி இருபது அடியை என் செலவில், ஹார்ட்வேர் கடை லோரியின் கிரேனில் தொங்கிக்கொண்டுதான் கடந்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இடம் மாறிப்போகும் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட 42யூ ரேக் ஒன்றையும் (சர்வர்களை அடுக்கி வைக்கும் உயரமான இரும்பு அலமாரி), பல கம்ப்யூட்டர்களுக்குப் பொதுவாக வேலை செய்யும் சர்வர்கள் நான்கையும், மின்சாரம் நின்றால் தாங்கிப் பிடிக்கும் 3 கேவிஏ யுபிஎஸ் ஒன்றையும் மலிவாக வாங்கியிருந்தேன். கடைத்தெருவில் என் பழுதுபார்க்கும் கடையின் பின்னறையில் அவற்றை நிறுத்தி, தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேருக்காவது சர்வர் வேலையைக் கைப்பழக்கமாகக் கற்றுக்கொடுக்கலாம் என்பது எண்ணம். ரேக் வெறுமையாகவே 125 கிலோ, சர்வர் ஒவ்வொன்றும் 28, யுபிஎஸ் 45, அடியில் இருக்கும் மரப் பாலட் 20. ஆக மொத்தம் 302 கிலோ. கிலோவுக்கு 1.20 வெள்ளி, வாசல்வரை கொண்டுவந்து தருவோம் என்று சரக்கு நிறுவனம் தொலைபேசியில் சொன்னது. 362 வெள்ளி 40 காசு என்று கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தேன்.

பில் வந்தபோது அதில் 516 கிலோ என்று இருந்தது. நீளம் 120, அகலம் 100, உயரம் 215 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்தால் 516 வருகிறது. தராசில் நிறுத்துப் பார்த்த எடை, இப்படி அளவைப் பெருக்கி வகுத்த எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் என்பது இந்தத் தொழிலின் வழக்கம் என்று எனக்கும் தெரியும். தலையணையும் ஸ்பாஞ்சு மெத்தையும் ஏற்றுகிறவனுக்கு அந்தக் கணக்கு நியாயமானதுதான். ரேக்கின் தலைமேல் வேறு சரக்கை அடுக்க முடியாது என்பதால் என்னிடம் அதைக் கேட்பதைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முதல் நாளே மூன்று அளவுகளையும் நான் வாய்விட்டுச் சொல்ல, மறுமுனையில் அவர் எழுதிக்கொண்ட பிறகும், எடைக்கு மட்டும் விலை சொல்லி என்னைச் சம்மதிக்க வைத்துவிட்டு, சரக்கு கிடங்குக்குள் போய்ச் சேர்ந்ததும் பெருக்கல் கணக்கை எடுத்து நீட்டுவதற்கு வேறு பெயர் உண்டு.

619 வெள்ளி 20 காசோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. லோரியின் பின்னால் இறங்கும் டெயில் லிஃப்டுக்கு 150 வெள்ளி. 'லுவார் பண்டார்', அதாவது நகருக்கு வெளியே என்று இன்னொரு 80. முதலாவது கூட்டரசுச் சாலை எங்கள் ஊருக்குள்ளேயே போகிறது, மின்ரயில் நின்று போகிறது, ஈப்போ கூப்பிடு தூரம். செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் லோரிகள் இந்தச் சாலையில்தான் ஓடுகின்றன. இங்கிருந்து டன் டன்னாக வெளியே போகும்போது குறுக்கே நிற்காத தூரம், முந்நூறு கிலோ உள்ளே வரும்போது மட்டும் எங்கிருந்து முளைக்கிறது?

எட்டாம் நாள் கிடங்கிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பழைய கம்ப்யூட்டர் என்று எழுதியிருக்கிறதே, இது மின்கழிவா என்று கேட்டார்கள். அட்டவணையில் சேர்த்த அபாயக் கழிவுகள் பற்றிய 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் மின்கழிவுக்கு எஸ்டபிள்யூ 110, கழித்த ஈய பேட்டரிக்கு எஸ்டபிள்யூ 102 என்று குறியீடு இருப்பது உண்மை. அதற்காகத்தான் யுபிஎஸ்ஸின் பேட்டரிகளை அனுப்புவதற்கு முன்பே கழற்றி, முறையாக வாங்குகிறவரிடம் ஒப்படைக்கச் செய்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தி அனுப்பியிருக்கிறேன், குப்பையை அல்ல என்று விளக்குவதற்கு இரண்டு நாள் போயிற்று. பழையது என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் இவர்களுடைய கையே தளர்ந்துவிடுகிறது போலும்.

பதினொன்றாம் நாள் லோரி வந்தது, டெயில் லிஃப்ட் இல்லாமல். ஈப்போவில் பெரிய லோரியிலிருந்து இறக்கி ஒரு டன் லோரிக்கு மாற்றியிருக்கிறார்கள். அதன் கூரை தாழ்வு என்பதால் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை அறுத்து, நிமிர்ந்தே நிற்க வேண்டும் என்று நான்கு பக்கமும் அம்புக்குறி ஒட்டியிருந்த ரேக்கைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டிருக்கிறார்கள். அதிர்ச்சி பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கரின் சின்னக் குழாய் செக்கச்செவேலென்று இருந்தது. ஹார்ட் டிஸ்குகளைக் கழற்றி, எது எந்தக் குழியில் இருந்தது என்று எண் எழுதி, தனி அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். அந்தப் பெட்டியின் தலைமேல் 45 கிலோ யுபிஎஸ் உட்கார்ந்திருந்தது.

ஓட்டுநர் நம் பையன்தான், வயது இருபத்தைந்துகூட இருக்காது. இறக்கித் தரச் சொன்னபோது, "அண்ணே, வாசல்னா லோரி நிக்கிற எடம்தாண்ணே. ஆபீஸ்ல எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தனி ஆளாக அவனை அனுப்பிவிட்டு, வராத டெயில் லிஃப்டுக்கு என்னிடம் 150 வெள்ளி வாங்கியவர்கள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே ஹார்ட்வேர் கடை முதலாளியான தவுக்கே சிமெண்டு இறக்கும் கிரேன் லோரியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்த, செம்பனைக் குலை ஏற்றிப் பழகிய இரண்டு தம்பிகள் பட்டை போட்டுக் கட்ட, ரேக் பத்து நிமிடத்தில் தரையில் நின்றது. அவர்களுக்குக் கொடுத்தது 80 வெள்ளி. தம்பிகள் அதையும் வாங்கத் தயங்கினார்கள்.

ரேக்கின் ஒரு கால் மடங்கிவிட்டதால் கதவு சாத்தவில்லை. மூன்று சர்வர்களில் ரேம் என்னும் நினைவகப் பலகை இடம் பெயர்ந்திருந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி அழுத்தியதும் எழுந்துகொண்டன. நான்காவதில் ஹார்ட் டிஸ்கு செருகும் பலகையின் இணைப்பு உடைந்துவிட்டது. இழப்பீடு கேட்டு எழுதினேன். புதிதாக வாங்கிய ரசீதும் தொழிற்சாலைப் பெட்டியும் இருந்தால்தான் காப்புறுதி செல்லும் என்று பதில் வந்தது. பழைய பொருள் என்று தெரிந்து ஏற்றுக்கொண்டவர்களும், பழைய பொருள் என்பதற்காகவே இரண்டு நாள் முடக்கி வைத்தவர்களும் இவர்களேதான்.

கடைசியில் பாலட்டையாவது திரும்ப எடுத்துப் போகச் சொன்னேன். அதற்கு 60 வெள்ளி ஆகும் என்றார்கள். தவுக்கே அதை இழுத்துப்போய்ச் சிமெண்டு மூட்டைக்கு அடியில் போட்டுக்கொண்டார்.