ஆற்றங்கரை விடுதி வெள்ளத்தை ஏன் மறைக்க வேண்டும்?

பழைய கட்டடத்தைப் புதுப்பித்து, ஆற்றைக் காட்டி வாடகை வாங்குகிறவர்கள் அந்த ஆற்றைப் பற்றி முழுசாகப் பேச வேண்டும் என்பது என் கட்சி. ஜன்னலில் தெரியும் அழகை மட்டும் விளம்பரத்தில் போட்டுவிட்டு, அதே தண்ணீர் ஒரு வருஷம் வரவேற்பறைக்குள் வந்து நின்றதைப் பற்றி மூச்சு விடாமல் இருப்பது சரியில்லை. அமெரிக்காவில் அயோவா சிட்டியில் அப்படிப் புதுப்பித்த விடுதி ஒன்றில் தங்கிவிட்டு வந்ததிலிருந்து இது மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. விடுதியின் பெயர் வேண்டாம். நல்ல விடுதிதான், வேலை பார்க்கும் பிள்ளைகளும் தங்கமானவர்கள்.

மகளை மேற்படிப்புக்குக் கொண்டுபோய் விட ஆகஸ்டில் போயிருந்தோம். ஊரே பல்கலைக்கழகம்தான். 1847இல் தொடங்கியது, அயோவா ஆற்றின் இரண்டு பக்கமும் அதன் கட்டடங்கள். ஊரின் மக்கள்தொகை சுமார் 75,000, மாணவர்கள் 30,000க்கும் மேல். ரிசப்ஷனில் நிற்கிறவர், காலையில் காபி இயந்திரத்தை நிரப்புகிறவர், துண்டு கொண்டுவந்து தருகிறவர் என்று பாதிப்பேர் மாணவர்கள். எந்தக் கட்டடத்துக்கு எந்தப் பேருந்து, எந்த வாசலில் பெட்டிகளை இறக்கலாம் என்று அவர்கள் சொன்னது பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

அறையை நன்றாகச் செய்திருந்தார்கள். புது மரத்தரை, புதுக் குளியலறை, சுவர் முழுக்க ஜன்னல். ஆனால் கட்டிலின் தலைமாடு ஜன்னல் பக்கம், முகம் தொலைக்காட்சியின் பக்கம்! இவ்வளவு செலவு செய்து ஆற்றுக்குப் பெரிய கண்ணாடி வைத்தவர்கள், படுத்தால் ஆறு தெரியாதபடி ஏன் கட்டிலைப் போட வேண்டும்? நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் மாலையெல்லாம் உட்கார்ந்திருந்தேன். பழுப்பு நிறத்தில் அவசரமே இல்லாத ஆறு. கரையில் வாத்துக் கூட்டம், நடைபாதையில் ஓடுகிற பிள்ளைகள். அழகு என்றால் அழகுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கீழ்த்தளத்தில்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அங்கே அறைகளே இல்லை. கார்ப்பெட் இல்லை, கல் தரை. செல்பேசிக்கு சார்ஜ் போட இடம் தேடினால், பிளக் பாயிண்ட் எல்லாம் என் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. எங்கேயும் முழங்காலுக்குக் கீழே இருப்பதுதானே வழக்கம்? பராமரிப்பு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் ஏணியோடு போய்க்கொண்டிருந்தார். அவரைக் கேட்டேன். கையைத் தன் இடுப்புக்கு மேலே வைத்துக் காட்டி, "2008இல் தண்ணீர் இதுவரைக்கும்" என்றார். மின்சாரப் பலகை, பாய்லர், ஜெனரேட்டர் எல்லாமே இப்போது மேலே போய்விட்டனவாம். கீழே இருப்பதை எல்லாம் நனைந்தால் கழுவிவிட்டுத் திரும்பத் திறக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். பெருமைப்பட வேண்டிய வேலைதான். புதுப்பிப்பு என்றால் எனக்கு அதுதான் புதுப்பிப்பு, குளியலறைக் குழாய் அல்ல.

அதே தளத்தில் லிஃப்ட்டுக்குப் போகிற நடைகூடத்தில் வரிசையாகப் பழைய படங்கள் மாட்டியிருக்கிறார்கள். பழைய பாலம், குதிரை வண்டி, அமெரிக்கக் கால்பந்து அணி, தொப்பி போட்ட பட்டதாரிகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். 2008 இல்லை. அதற்கு முந்தைய 1993 வெள்ளமும் இல்லை. விளம்பரத் தாளில் இல்லை, அறையில் வைத்திருக்கும் கையேட்டில் இல்லை. ஏணிப் பெரியவரின் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

2008 ஜூன் 15 அன்று அயோவா சிட்டியில் ஆறு 31.53 அடிக்கு ஏறியது. 22 அடியைத் தொட்டாலே அங்கே வெள்ளம் என்று கணக்கு. ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் கோரல்வில் அணையில், நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறுவதற்கென்று இருக்கும் வழிந்தோடியைத் தாண்டித் தண்ணீர் கொட்டியது. பல்கலைக்கழகத்தின் ஹான்ச்சர் கலையரங்கம் போனது, இசைப்பள்ளி போனது, மாணவர் மையத்துக்குள் தண்ணீர். நூலகத்தின் அடித்தளத்திலிருந்து மாணவர்களும் ஊர்க்காரர்களும் வரிசையாக நின்று புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்தில் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் பெரிய ஓவியம் ஒன்று இருந்தது, 1943இல் வரைந்தது, 20 அடி அகலம். அதையும் மற்ற ஓவியங்களையும் தண்ணீர் வருமுன்னே வெளியூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் அவை திரும்பி வர முடியவில்லை. அந்தப் பழைய கட்டடத்தில் வைத்தால் காப்பீடு தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் வேறு இடத்தில் புது அருங்காட்சியகம் கட்டி 2022இல்தான் திறந்தார்கள்.

அந்த ஊர் இதை எதையும் மறைக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஹான்ச்சரை இடித்து, மேட்டில் புதிதாகக் கட்டி 2016இல் திறந்தார்கள். ஊருக்குள் வருகிற டுபியூக் தெருவை உயர்த்தினார்கள், பார்க் ரோடு பாலத்தை உயரமாகத் திரும்பக் கட்டினார்கள். கேட்டால் ஏன் என்று காரணம் சொல்கிறார்கள். ஊருக்கு வடக்கே அணையடிக்குப் போனால் இன்னும் ஒரு படி மேலே. 1993இல் வழிந்தோடியைத் தாண்டி விழுந்த தண்ணீர் மண்ணையும் மரங்களையும் அரித்துக்கொண்டு போனதில், அடியில் கிடந்த பழைய கடல் தரை வெளியே வந்துவிட்டது. சுமார் 37 கோடி ஆண்டுக்கு முந்தைய, டெவோனியன் என்று சொல்லும் காலத்தது. இன்று அது டெவோனியன் புதைபடிவப் பள்ளத்தாக்கு என்ற பெயரில் பார்வையிடம். பாறையில் பவழமும் கடல் அல்லியும் பதிந்து கிடக்கின்றன, குழந்தைகள் அதன்மேல் குனிந்து விரலால் தடவிப் பார்க்கிறார்கள். வெள்ளம் பறித்த இடத்தையே ஊர் பள்ளிக்கூடமாக்கி வைத்திருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு விடுதி மட்டும் எதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

விருந்தினர் பயந்துவிடுவார்கள் என்று நிர்வாகம் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏணிப் பெரியவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். முன்யோசனையோடு கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் நம்பிக்கை வரும். சொல்லாமல் விட்டு, வேறு யாரோ வழியாகத் தெரிய வந்தால்தான் சந்தேகம் வரும்.

தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருக்கிறது. "நூறு வருஷ வெள்ளம்" என்று பேசுவதைக் கேட்டு, ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று நினைக்கிறோம். அதன் கணக்கே வேறு. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. அதை 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தால், ஒருமுறையாவது வர கிட்டத்தட்ட 26 சதவீத வாய்ப்பு. 1993க்கும் 2008க்கும் நடுவே இருப்பது பதினைந்தே வருஷம்தான். காரைக் கீழே நிறுத்திவிட்டு மேலே தூங்குகிற மனிதருக்கு, தண்ணீர் ஏறினால் யார் வந்து எழுப்புவார்கள், காரை எங்கே மாற்ற வேண்டும், எந்தப் பக்கப் படிக்கட்டு மேட்டுக்குப் போகும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தீ விபத்துக்கு அறைக் கதவின் பின்னால் வழிகாட்டும் படம் ஒட்டுகிறார்கள் இல்லையா, அதற்குக் கீழே இன்னும் நாலு வரி சேர்த்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என்னைக் கொஞ்சம் கோபப்படுத்திய விஷயம். அந்த ஊரில் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. மாநிலத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். காலையில் ரிசப்ஷனில் என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, கணவரின் சிகிச்சைக்காக வந்தவர், செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு அறை கேட்டார். மறுநாள் பல்கலைக்கழக அணியின் கால்பந்து ஆட்டம், அதனால் இரண்டு இரவு எடுத்தே ஆக வேண்டும், நோயாளி வீட்டாருக்கு வாடகையில் தரும் மருத்துவச் சலுகை அன்றைக்குச் செல்லாது என்று பதில் வந்தது. சொன்ன மாணவிக்கே முகம் வாடிவிட்டது. ஆட்டம் நடக்கும் கின்னிக் மைதானத்தில் 69,000 பேருக்கு மேல் உட்காரலாம், கிட்டத்தட்ட ஊரின் மக்கள்தொகை அளவு. ஆட்ட நாளில் வாடகை ஏறுவது எனக்குப் புரிகிறது, வியாபாரம்தானே. ஆனால் முதல் கால்பகுதி முடிந்ததும் மைதானமே எழுந்து திரும்பி, எதிரே குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கையசைக்கிற ஊர் அது. 2017இலிருந்து நடக்கிறது. அந்த ஊரில் ஆட்ட நாளிலும் நாலு அறையாவது நோயாளி வீட்டாருக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

அங்கே பிள்ளைகளைச் சேர்க்கப் போகிறவர்கள் யாராவது படித்தால்: ஆகஸ்டில் சேர்க்கைக்கும், மே மாதப் பட்டமளிப்புக்கும் அறை சீக்கிரமே தீர்ந்துவிடும், இடம் உறுதியானதும் பதிவு செய்துவிடுங்கள். இலையுதிர்காலம் என்றால் கால்பந்து அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள். ஆற்றுப் பக்கம் அறை கேட்கும்போதே கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது, கார் எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

விடுதி நிர்வாகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். புகார் என்று ஒன்றுமில்லை, இரண்டு கோரிக்கைதான். ஆட்ட நாட்களிலும் மருத்துவச் சலுகை செல்ல வேண்டும். அந்த நடைகூடத்துச் சுவரில், படங்களுக்கு நடுவே, 2008இல் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுத வேண்டும். எந்த இடத்தில் போடுவது என்று தெரியாவிட்டால் ஏணியோடு போகிற அந்தப் பெரியவரைக் கேட்டால் சொல்வார்.